இல்லாத எண்ணெய்க்கு 850 ரூபாய்

செமஸ்டர் லீவுல எழுதறதுக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டு வெச்சிருந்தேன். பூசலார் நாயனார் பத்தி ஒண்ணு (நம்ம ஊர்க்காரர் ஆச்சே, சிமெண்ட் செங்கல் இல்லாம மனசுலயே கோயில் கட்டினவர்), ஊர் ஏரி பத்தி ஒண்ணு, ஒரு சினிமா விமர்சனம். எல்லாம் அப்புறம். இப்போ எழுத வெச்சது ஒரு பில். என் சித்தப்பாவோட கார் சர்வீஸ் பில்.

சித்தப்பா கார் ஓட்டிப் பொழைக்கிறவர். மஞ்சள் போர்டு வெச்ச சின்ன கார். இன்னும் 22 மாசம் டியூ பாக்கி. போன மாசம் ஒரு நாள் விடிகாலை ஏர்போர்ட் சவாரி முடிச்சுட்டு, அவுட்டர் ரிங் ரோடு வழியா வந்து நெமிலிச்சேரில இறங்கி சி.டி.எச். ரோட்டுக்குத் திரும்பறார். ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. டேஷ்போர்டுல ஸ்டீயரிங் படம், பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி, மஞ்சளா எரியுது. எதிர்ல தண்ணி லாரி. ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சு எப்படியோ ஓரம் கட்டிட்டார். அதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கறதை நான் பார்த்தேன். இருபது வருஷமா வண்டி ஓட்டற மனுஷன்.

வண்டியை ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல விட்டார். எந்த சென்டர்னு சொல்லப்போறது இல்ல, கேக்காதீங்க. ஏ.சி. ரூம், காபி மெஷின், டை கட்டின பையன், எல்லாம் இருக்கற இடம். சாயங்காலம் வண்டியைக் கொடுத்து, "சார், பவர் ஸ்டீயரிங் ஆயில் கம்மியா இருந்துச்சு, ஃப்ளஷ் பண்ணி டாப்-அப் பண்ணியாச்சு"ன்னு சொல்லி 850 ரூபாய் வாங்கினாங்க. விளக்கும் அணைஞ்சிருந்துச்சு. சித்தப்பாவுக்கு சந்தோஷம்.

மூணாம் நாள் மறுபடி அதே கல்லு, அதே மஞ்சள் விளக்கு. திரும்பப் போனா, இந்த தடவை "ஸ்டீயரிங் காலம் அசெம்ப்ளியே போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும். 34,000 ஆகும், லேபர் தனி"ன்னு எஸ்டிமேட் கொடுத்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி சித்தி வளையலைக் கழட்டி மேஜை மேல வெச்சதையும் நான் பார்த்தேன்.

இப்போ என் அசிங்கத்தைச் சொல்லிடறேன். சித்தப்பா என்னைப் பார்த்து, "நீ ஆட்டோமொபைல்தானடா படிக்கிற? ஆயில் மாத்தியும் ஏன் இப்படி ஆகுது?"ன்னு கேட்டார். நானும் பெரிய மேதாவி மாதிரி தலையை ஆட்டி, "எங்கயாவது லீக் இருக்கும் சித்தப்பா"ன்னு சொன்னேன். பரீட்சைல பவர் ஸ்டீயரிங் படம் போட்டு மார்க் வாங்கினவன் நான். பம்ப், ரிசர்வாயர், ரோட்டரி வால்வு எல்லாம் அம்புக்குறி போட்டு வரைஞ்சிருக்கேன். அந்த ரிசர்வாயரைத் தேடி டார்ச்சோட பானட்டைத் திறந்தா... இல்ல. எங்கயும் இல்ல. பிரேக் ஆயில் டப்பா இருக்கு, கூலன்ட் டப்பா இருக்கு, கண்ணாடி கழுவற தண்ணி டப்பா இருக்கு. பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா மட்டும் இல்ல. அந்தக் கார்ல பவர் ஸ்டீயரிங் ஆயிலே கிடையாது. ஃபேக்டரில இருந்து வந்த நாள்லயே கிடையாது.

அப்போ 850 ரூபாய்க்கு எதை, எங்கே ஊத்தினாங்க?

கொஞ்சம் டெக்னிக்கலா பேசியாகணும், பொறுத்துக்கங்க. பவர் ஸ்டீயரிங்ல பழைய வகை, எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யறது. இன்ஜின்ல இருந்து ஒரு பெல்ட் பம்ப்பைச் சுத்தும், பம்ப் எண்ணெயைத் தள்ளும், நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பற பக்கத்துக்கு ஒரு வால்வு அந்த எண்ணெயை அனுப்பும், அது ரேக்கைத் தள்ளி சக்கரத்தைத் திருப்பும். வண்டி நிக்கும்போது முழுசாத் திருப்பினா உள்ளே அழுத்தம் 80 பார் வரைக்கும், அதுக்கு மேலயும் போகும். உங்க டயர்ல இருக்கற காத்தோட அழுத்தம் ரெண்டு பார் சொச்சம்தான், கணக்கு போட்டுக்கங்க. அமெரிக்காவுல ஃபிரான்சிஸ் டேவிஸ்ங்கற இன்ஜினியர் 1920கள்ல இதைச் செஞ்சு காட்டினார். ஆனா பொதுமக்கள் காசு கொடுத்து வாங்கற கார்ல அது வந்தது 1951ல, கிரைஸ்லர் கம்பெனி மூலமா. நம்ம பக்கத்து உதாரணம் வேணும்னா, திருநின்றவூர்ல இருந்து நாலாவது ஸ்டேஷன் திருவள்ளூர். அங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரில 1998ல இருந்து வந்த மிட்சுபிஷி லான்சர்ல இருந்தது இந்த எண்ணெய் வகைதான்.

இந்த வகையில ஒரு குறை. நீங்க நேரா போனாலும் பம்ப் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். பெரிய இன்ஜினுக்கு அது கொசுக்கடி. சின்ன இன்ஜினுக்கு பாரம். அதனாலதான் மின்சார ஸ்டீயரிங் முதல்ல வந்தது சொகுசு கார்ல இல்ல. 1988ல ஜப்பான்ல சுசுகி செர்வோங்கற குட்டிக் கார்ல. இதுல பம்ப் இல்ல, பெல்ட் இல்ல, ஹோஸ் இல்ல, எண்ணெய் இல்ல. ஸ்டீயரிங் தண்டுல ஒரு சென்சார் இருக்கும், நீங்க எவ்வளவு பலமாத் திருப்பறீங்கன்னு அளக்கும். ஒரு சின்ன கம்ப்யூட்டர் அதைப் படிச்சு மோட்டாருக்கு கரண்ட் அனுப்பும். திருப்பும்போது மட்டும்தான் செலவு. இன்னிக்கு நம்ம ரோட்டுல ஓடற புது சின்ன கார் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதுதான்.

(நடுவுல ஒரு வகை உண்டு. எண்ணெய் இருக்கும், ஆனா பம்ப்பை மோட்டார் ஓட்டும். அந்த கார் வெச்சிருக்கறவங்க சண்டைக்கு வராதீங்க, உங்களுக்கு ஆயில் உண்டு.)

இந்த மின்சார ஸ்டீயரிங்கை விக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுவாங்க. "மெயின்டனன்ஸ் ஃப்ரீ சார்." எனக்கு வர்ற கோவமே இந்த வார்த்தை மேலதான். ஆயில் மாத்த வேண்டாம்ங்கறது உண்மை. ஆனா பராமரிப்பே வேண்டாம்ங்கறது பச்சைப் பொய். நிறுத்தின இடத்துல ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மோட்டார் 50, 60 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்தே பத்து ஆம்பியர் அளவுதான். அப்போ அந்த ஸ்டீயரிங்கோட உயிர் எங்கே இருக்கு? பேட்டரில. பேட்டரி டெர்மினல்ல. பாடியோட சேர்ற எர்த் ஒயர்ல. ஆல்டர்னேட்டர்ல. இது நாலுல எது சொதப்பினாலும் வோல்டேஜ் விழும், கம்ப்யூட்டர் "எனக்கு வேணாம்பா"ன்னு உதவியை நிறுத்திட்டு மஞ்சள் விளக்கைப் போட்டுடும். இதை யாராவது வண்டி டெலிவரி எடுக்கும்போது சொன்னாங்களா? மாலை போட்டு, கேக் வெட்டி, ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட நேரம் இருந்துச்சு. இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் இல்ல.

ஆக, விக்கும்போது "ஒண்ணுமே பாக்க வேண்டாம்". கெட்டுப் போனா "மொத்தமா மாத்தணும்". நடுவுல பாக்கறதுக்கு, துடைக்கறதுக்கு, சரி பண்றதுக்கு எதுவுமே இல்லாத மாதிரி பேசறாங்க. அந்த நடுவுல இருக்கற இடத்துலதான் சித்தி வளையல் மாட்டிக்கிட்டு இருந்துச்சு.

அந்த வளையல் தப்பிச்ச கதைக்கு வரேன். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, வேப்ப மரத்தடில ஒரு அண்ணன் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கார். ஷெட்டுனு கூட சொல்ல முடியாது, தகரக் கூரை. வண்டியை அங்கே கொண்டு போனோம். அவர் ஸ்டீயரிங் பக்கமே போகல. மல்டிமீட்டரை எடுத்து பேட்டரில வெச்சார். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லி, மறுபடி பார்த்தார். அப்புறம் மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முனையை பாடிலயும் வெச்சு, "தம்பி இங்க பாரு"ன்னு என்னைக் கூப்பிட்டார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்துல ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டுது. எர்த் ஒயர் போல்ட்டைக் கழட்டினா, லக்கு முழுக்க பச்சை பூத்துப் போய் கிடக்கு. 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் மழைக்கு இந்தப் பக்கம் தண்ணி நின்னுச்சே, அதுல இந்த வண்டி பம்பர் மூழ்கற அளவு ரெண்டு நாள் நின்னது. அன்னிக்குப் பிடிச்ச பச்சை, மெதுவா மெதுவா வளர்ந்திருக்கு.

உப்புத் தாள் போட்டுத் தேய்ச்சு, புது லக்கு அடிச்சு, டெர்மினல் ரெண்டையும் சுத்தம் பண்ணி கிரீஸ் தடவினார். 300 ரூபாய் வாங்கினார், டீயும் வாங்கிக் கொடுத்தார். வண்டி இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

உடனே "பாத்தியா, லோக்கல் மெக்கானிக்தான் தெய்வம், கம்பெனி சென்டர் எல்லாம் கொள்ளைக்காரன்"னு கிளம்பாதீங்க. நான் சொல்ல வந்தது அது இல்ல. எனக்கு பயமா இருந்த விஷயம் வேற. அந்த அண்ணன்கிட்ட ஒரு ஸ்கேன் டூல் இருக்கு. சொந்தக் காசு போட்டு வாங்கினது. அதை மாட்டிப் பார்த்தப்போ இன்ஜின் கோடு எல்லாம் வந்துச்சு. ஸ்டீயரிங்னு போட்டா ஒண்ணும் வரல. காரணம் சிம்பிள். எல்லா கார்லயும் பொதுவா இருக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தினது புகை சம்பந்தப்பட்ட கோடுகளை மட்டும்தான். ஸ்டீயரிங், ஏ.பி.எஸ்., ஏர்பேக் எல்லாம் கம்பெனி தன் பாஷையில பேசிக்கும். அந்த பாஷைக்கு அகராதி யார்கிட்ட இருக்கோ அவங்கதான் கேக்க முடியும். அண்ணன் அனுபவத்தால எர்த்துல போய் நின்னார். நல்ல வேளை, கோளாறும் அங்கேயே இருந்துச்சு. உண்மையிலேயே சென்சார் போயிருந்தா? அவர் வேப்ப மரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்பார், நாங்க வளையலைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்போம்.

இத்தனைக்கும் இது தப்புன்னு தீர்ப்பு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்னிக்கு 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. எதுக்கு? ஒரிஜினல் ஸ்பேரை, ரிப்பேர் புத்தகத்தை, கோளாறு கண்டுபிடிக்கற கருவியை வெளி மெக்கானிக்குக் கிடைக்காம பண்ணி வெச்சதுக்கு. டாடா மோட்டார்ஸ் பங்கு 1,346 கோடி, மாருதி 471 கோடி. நம்ம இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கேஸ் தனியா நடந்து 2015 ஜூலைல 420 கோடி. பணத்தை விட முக்கியம், இதையெல்லாம் வெளி மார்க்கெட்ல கிடைக்கற மாதிரி பண்ணுங்கன்னு சொன்ன உத்தரவு. அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? இந்தியாவுல என்ன ஆகுமோ அதுதான். மேல்முறையீடு, ஸ்டே, ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட். மூணு கம்பெனி மேல்முறையீட்டு தீர்ப்பாயத்துக்குப் போச்சு. அது 2016 டிசம்பர்ல அபராதத்தைக் குறைச்சது, ஆனா பண்ணினது தப்புதான்னு சொல்லிடுச்சு. 2022ல நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை"ன்னு ஒரு கமிட்டி போட்டுச்சு, அதுல கார்களும் உண்டு. அந்த வருஷ டிசம்பர்லயே ஒரு இணையதளமும் வந்துச்சு. வேப்ப மரத்தடி ஸ்கேன் டூல்ல மட்டும் இன்னும் ஒண்ணும் வரல. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநில ஜனங்க 2012லயே இதுக்கு ஓட்டு போட்டு சட்டம் ஆக்கிட்டாங்க, 2020ல மறுபடி ஓட்டு போட்டு அதை இன்னும் பலப்படுத்தினாங்க. அங்கேயும் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போகாம இல்ல. ஆனா அங்கே ஓட்டு கேக்கற அளவுக்கு அது ஜனங்க பிரச்சனையா ஆச்சு. இங்கே சர்வீஸ் பில்லைப் படிக்கறவனே கிடையாது.

கம்பெனிகள் தரப்புல ஒரு வாதம் உண்டு, கேட்டா நியாயமாத்தான் தோணும். "ஸ்டீயரிங் உயிர் சம்பந்தப்பட்டது. மரத்தடில கண்ட ஆள் கை வெச்சா விபத்து ஆகும்." சரிங்க. பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது இல்லையா? ஆவடில இருந்து அரக்கோணம் வரைக்கும் மரத்தடிலதான் பிரேக் ஷூ மாத்தறாங்க, அந்த ஸ்பேர் கடையில தாராளமாக் கிடைக்குது. பாதுகாப்புதான் கவலைன்னா, கத்துக் கொடுங்க. பரீட்சை வைங்க, சர்டிஃபிகேட் கொடுங்க, கருவிக்கு நியாயமான விலை வைங்க. பூட்டு போட்டு வெச்சா மெக்கானிக் கை வெக்காம இருக்கப் போறதில்ல, குருட்டாம்போக்குல கை வெப்பார். அதுதான் ஆபத்து. இன்னொண்ணு, ஆயிலே இல்லாத கார்ல ஆயில் மாத்தினதா பில் போட்டது மரத்தடி ஆள் இல்ல. ட்ரெயினிங் முடிச்சு, சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கற இடம்.

அதே சமயம் நம்ம ஆளுங்களையும் சும்மா விட முடியாது. எண்ணெய் வகை ஸ்டீயரிங்ல கையில இருக்குன்னு பிரேக் ஆயிலை ஊத்தற மெக்கானிக் இன்னிக்கும் இருக்காங்க. பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, ஸ்டீயரிங் சீல் அதுக்குத் தாங்காது, சீல் கெட்டு பம்ப்பும் ரேக்கும் கசிய ஆரம்பிச்சுடும். எந்த ஆயில்னு டப்பா மூடிலயோ புத்தகத்துலயோ போட்டிருக்கும். சில காருக்கு ஏ.டி.எஃப்., சில காருக்கு அந்தக் கம்பெனியோட தனி ஆயில். பழைய சிட்ரோவன் கார்களுக்கு பச்சைக் கலர்ல தனியா ஒரு மினரல் ஆயில், வேற எதை ஊத்தினாலும் செலவுதான். (அதே சிட்ரோவன் 2021ல இருந்து நம்ம திருவள்ளூர் ஃபேக்டரிலதான் தயாராகுது. லான்சர் வந்த அதே இடம். இப்போ வர்ற சி3ல எண்ணெய் இல்ல, மின்சார ஸ்டீயரிங்தான்.)

ஓட்டறவங்க லட்சணம் அதை விட. வண்டியை நிறுத்தி வெச்சுக்கிட்டு ஸ்டீயரிங்கை கடைசி வரைக்கும் திருப்பி, அங்கேயே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஃபோன் பேசறது. எண்ணெய் வகையில அப்போ பம்ப் கத்தும், எண்ணெய் கொதிக்கும். மின்சார வகையில மோட்டார் சூடாகி கம்ப்யூட்டர் தானா உதவியைக் குறைச்சுக்கும், "ஸ்டீயரிங் டைட்டா இருக்கு"ன்னு உடனே சென்டருக்கு ஓடுவாங்க. பத்து நிமிஷம் சும்மா விட்டா சரியாகற விஷயம். டயர்ல காத்து 20க்கு இறங்கிக் கிடக்கும், ஸ்டீயரிங் கனக்குதுன்னு புகார். காத்து அடிக்க ஆகற செலவு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்.

சித்தப்பா மாதிரி பயந்து போறவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். மஞ்சள் விளக்கு எரிஞ்சு உதவி நின்னு போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இரும்புத் தண்டு அப்படியேதான் இருக்கு. திருப்பலாம், கனமா இருக்கும், அவ்வளவுதான். வேகம் குறையக் குறைய கனம் கூடும், அதனால ரெண்டு கையும் வெச்சு, சாலை ஓரம் வரைக்கும் வண்டியை உருள விட்டு நிறுத்துங்க. பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு இறக்கத்துல இன்ஜினை அணைச்சுட்டு வர்ற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க, உதவியை நீங்களே அணைக்கறீங்க.

இன்னொரு கோவம் பாக்கி இருக்கு, அது எங்க படிப்பு மேல. சென்னையைச் சுத்தி ஸ்டீயரிங் செய்யற தொழில் இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. வேளச்சேரில ரானே கம்பெனி ஸ்டீயரிங் கியர் செஞ்ச காலத்துல எங்க அப்பா ஸ்கூல் போயிருக்க மாட்டார். அம்பத்தூர்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கார் உதிரி பாகம் செய்யற கம்பெனி இல்லாத தெரு கம்மி. உலகத்துக்கே பார்ட்ஸ் அனுப்பற ஊர்ல இருந்துக்கிட்டு, பானட்டைத் திறந்து எது எந்த டப்பான்னு தெரியாம ஒரு ஆட்டோமொபைல் ஸ்டூடன்ட் "லீக் இருக்கும் சித்தப்பா"ன்னு சொல்றான். எங்க லேப்ல வெட்டி வெச்ச ஒரு பழைய ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கு. பெயின்ட் அடிச்சு பளபளன்னு இருக்கும். மின்சார ஸ்டீயரிங்? புத்தகத்துல ஒரு பாரா. மூணு வருஷமா எனக்குத் தெரியாதது, மரத்தடில பதினஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுது. கிளாஸ் நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, நாளைக்கே உங்க வீட்டு கார் பானட்டைத் திறந்து பாருங்க. ஸ்டீயரிங் படம் போட்ட மூடி இருக்கா இல்லையான்னு மட்டும் பாருங்க. இருந்தா எண்ணெய் கலரைப் பாருங்க, கறுத்திருந்தா மாத்தற நேரம். இல்லைன்னா, "பவர் ஸ்டீயரிங் ஆயில்"னு வர்ற எந்த பில்லுக்கும் காசு கொடுக்காதீங்க.

போன வாரம் நானும் சித்தப்பாவும் அந்த பில்லை எடுத்துக்கிட்டு சென்டருக்குப் போனோம். சண்டை போடல. சித்தப்பா ரொம்ப மரியாதையா, "தம்பி, எந்த மூடியத் திறந்து ஊத்தினீங்க, எனக்குக் காட்டிடுங்க, அடுத்த தடவை நானே பாத்துக்கறேன்"னு கேட்டார். டை கட்டின பையன் பானட்டைத் திறந்தான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். குனிஞ்சு கீழயும் பார்த்தான். பாவம், அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கல போல. "ஒரு நிமிஷம் சார், சூப்பர்வைசரைக் கூட்டிட்டு வரேன்"னு உள்ளே போனான். சூப்பர்வைசர் வந்து, பானட்டை மூடிட்டு, அந்த 850ஐ அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கறோம்னு எழுதிக் கொடுத்தார்.

டிஸ்கி: சித்தப்பா அடுத்த சர்வீஸை அங்கே விடப் போறதில்ல. 850 போனது போனதுதான் :-)